பயணத்திற்கு இரைச்சல் நீக்கும் ஹெட்போன்: யாருக்கு உதவும், யார் கவனமாக இருக்க வேண்டும்?

கோடை விடுமுறை நெருங்கும் நாள்களில், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும் முன் உடன் வந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பகுதிகளில் பிள்ளைகளை வெளிநாட்டில் கொண்ட மூத்தோர் பலர் வசிக்கின்றனர். "அப்பாவுக்கு ஃபிளைட்ல போட்டுக்க நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கலாமா, டாக்டர்?" என்று மகளோ மருமகளோ கேட்பார். கேள்வி எளியது. விடையோ அப்பாவின் காதையும், அவர் மார்பில் பேஸ்மேக்கர் உள்ளதா என்பதையும், அவர் எந்த வழியில் எந்த வாகனத்தில் செல்கிறார் என்பதையும் பொறுத்தது. விலையையும் நிறுவனத்தின் பெயரையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்பக்கம் எந்த நிறுவனத்தின் தயாரிப்பையும் பரிந்துரைக்கவில்லை.

இக்கருவி என்ன செய்கிறது?

ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த அலை. அதில் மேடும் பள்ளமும் மாறி மாறி வருகின்றன. இரைச்சல் நீக்கும் ஹெட்போனில் உள்ள சிறிய மைக்ரோபோன்கள் வெளியோசையைப் பதிவு செய்கின்றன. உள்ளிருக்கும் மின்சுற்று அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கிக் காதருகே ஒலிக்கச் செய்கிறது. மேட்டின் மீது பள்ளம் பொருந்தும்போது இரண்டும் பெருமளவு மறைந்துவிடுகின்றன. இதனை விளம்பரங்களில் ஏஎன்சி என்று குறிப்பிடுகின்றனர்.

இக்கருத்து புதிதன்று. 1936ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் என்பவர் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எனினும் அது பயன்பாட்டுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 1978ஆம் ஆண்டு சூரிச் நகரிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் சென்ற அமர் போஸ், அங்கு கொடுத்த ஹெட்போனில் இசை இன்ஜின் இரைச்சலில் அமிழ்ந்துபோவதைக் கண்டு, இருக்கையில் அமர்ந்தபடியே இதற்கான கணக்குகளை எழுதத் தொடங்கினார். அவருடைய தந்தை வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்ட வீரர். 1989ஆம் ஆண்டு விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. விமானத்துக்குள் பிறந்த கருவி என்பதால் இன்றும் அது மிகச் சிறப்பாகப் பணியாற்றும் இடம் விமானமே.

காரணம், எதிர் அலையை உருவாக்குவதற்கு ஓசை ஒரே சீராகவும் தாழ்ந்த சுருதியிலும் இருக்க வேண்டும். விமான இன்ஜினின் முழக்கம், ஏசியின் ரீங்காரம், ரயில் பெட்டியின் உறுமல் ஆகியவை அத்தகையவை. நல்ல கருவிகள் இவ்வகை ஓசையை 20 டெசிபல் அளவிலும் அதற்கு மேலும் குறைக்கின்றன. திடீரென எழும் ஹாரன், குழந்தையின் அழுகை, நடத்துநரின் விசில், பக்கத்து இருக்கைப் பேச்சு ஆகியவை உயர்ந்த சுருதியில் விரைந்து மாறுபவை. இவற்றின் மீது மின்சுற்றுக்கு அதிக ஆற்றல் இல்லை. இவற்றைக் குறைப்பது காதை மூடும் பஞ்சுறையும் ரப்பர் முனையும்தான். பாண்டி பஜாரில் ஹாரன் ஓசைக்கு அஞ்சி இக்கருவியை வாங்குபவர் ஏமாற்றமடைவதற்குக் காரணம் இதுவே.

காதுக்கு இதனால் என்ன நன்மை?

மருத்துவ நோக்கில் இதன் பயன் ஒன்றே: வெளியிரைச்சல் குறைவதால் நீங்கள் கேட்கும் பாட்டின் ஒலியளவைக் கூட்ட வேண்டிய தேவை குறைகிறது. அந்தக் குறைப்பைச் செய்யாமல், அமைதியான சூழலிலும் அதே உயர்ந்த ஒலியில் கேட்பவருக்கு விலையுயர்ந்த கருவியால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

நம் உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பு ஒன்று உள்ளது. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர்ச்செல்கள் அதில் சுமார் 15,000 உள்ளன. மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒலியின் வலிமையும் அதைக் கேட்கும் நேரமும் சேர்ந்தே இவற்றைச் சிதைக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்துள்ள பாதுகாப்பான கேட்டல் தரநிலை, பெரியவர்களுக்கு வாரத்திற்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று வரம்பு கூறுகிறது. குழந்தைகளுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. அவ்வகையில் 90 டெசிபலில் ஒரு வாரம் முழுவதற்கும் 4 மணி நேரமே மிஞ்சுகிறது.

இதனைப் பயணத்தில் பொருத்திப் பாருங்கள். பறக்கும் விமானத்துக்குள் இரைச்சல் பெரும்பாலும் 80 டெசிபலை ஒட்டி இருக்கும். சாதாரண இயர்போனில் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டுமெனில் அதற்கு மேலாக ஒலியைக் கூட்டியே ஆக வேண்டும். பலர் 90 டெசிபலை எட்டிவிடுகின்றனர். சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்ல ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். அந்த ஒரு பயணத்திலேயே அவ்வாரத்துக்கான முழு அளவும் தீர்ந்துவிடுகிறது. அமெரிக்கா வரை செல்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இரைச்சல் நீக்கும் ஹெட்போன் அணிந்தவர் அதே வசனத்தை 70 டெசிபல் அளவில் கேட்க முடியும்.

12 முதல் 35 வயதுக்குட்பட்ட 100 கோடிக்கும் மேற்பட்டோர் உரத்த ஒலியை நீண்ட நேரம் கேட்பதால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு எச்சரித்தது. எனவே அப்பாவுக்காகக் கேட்க வந்த மகளும் தம் கைபேசியின் ஒலியளவு எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. உச்ச அளவில் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் வைத்திருப்பது எளிய வரம்பு.

எந்தப் பயணத்திற்கு எது?

நீண்ட விமானப் பயணத்திற்கு, காதை முழுவதும் மூடும் பெரிய வகை ஹெட்போன் பொருத்தமானது. இருக்கைத் திரையில் படம் பார்க்க விரும்பும் மூத்தோருக்கு ப்ளூடூத் மட்டும் போதாது, 3.5 மில்லிமீட்டர் கம்பியும் சேர்ந்து வரும் கருவியை வாங்குங்கள். சில விமானங்களில் இரட்டை முனைத் துளை இருக்கும். அதற்கான சிறிய இணைப்பான் தனியே கிடைக்கும். லித்தியம் மின்கலம் உள்ளதால் கருவியைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

விமானம் இறங்கும்போது காது அடைப்பதற்கும் இக்கருவிக்கும் தொடர்பில்லை. அது நடுச்செவியில் காற்றழுத்தம் சமப்படாததால் வருவது. எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது, மிட்டாய் சப்புவது ஆகியவை உதவும். கைக்குழந்தைக்கு அந்நேரத்தில் பால் கொடுக்கலாம். காதுத் துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் இயர்பட் அணிந்திருந்தால் விமானம் இறங்கத் தொடங்கும்போது எடுத்துவிடுங்கள். கடுமையான சளியுடன் பயணம் செய்ய நேர்ந்தால் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

திருமயிலையிலிருந்து வேளச்சேரி வரை பறக்கும் ரயிலில் செல்பவருக்கு இக்கருவியின் பயன் அரைகுறையானது. பெட்டியின் உறுமல் அடங்கும். திறந்த சன்னல் வழியே வரும் கிரீச்சொலியும், கான்கிரீட் நிலையத்தில் எதிரொலிக்கும் ஓசையும், காற்று மைக்ரோபோனில் மோதி எழுப்பும் சடசடப்பும் அப்படியே இருக்கும். இச்சிறு பயணத்திற்காக ஆயிரக்கணக்கில் செலவிட வேண்டுமா என்று எண்ணிப் பாருங்கள்.

பெசன்ட் நகர் செல்லும் 29சி போன்ற மாநகரப் பேருந்துகளிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. ஆட்டோவில் இக்கருவி அநேகமாகத் தோற்றுப்போகும். மெட்ரோ ரயில் பணிக்காகச் சாலையை உடைக்கும் ஓசையும் அவ்வாறே. வணிகப் பகுதிகளில் பகல்நேர இரைச்சல் 65 டெசிபலுக்குள்ளும், மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் தூரத்திற்கு 50 டெசிபலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். தி.நகர் சாலைகளில் நின்று பழகியவர்களுக்கு இந்த எண்கள் சற்று வியப்பளிக்கக்கூடும்.

எழும்பூரிலிருந்து இரவு ரயிலில் தென்மாவட்டங்களுக்குச் சென்று, உறங்குவது மட்டுமே நோக்கம் என்றால், என் பரிந்துரை மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற இயர்பிளக்தான். சில பத்து ரூபாய் விலையுள்ள அது, ஒருக்களித்துப் படுக்கும்போது அழுத்தாது, மின்னேற்றமும் வேண்டாம். சுத்தமான விரல்களால் மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, துளையில் செலுத்தி, விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். உருட்டாமல் வாயிலில் செருகிவிட்டு "பயனில்லை" என்று எறிந்தவர்களே அதிகம். இறங்க வேண்டிய நிலையத்திற்குக் கைபேசியில் அதிர்வு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவர்கள்

பேஸ்மேக்கர் அல்லது இதயத்துடிப்பைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியவர்கள் முதலில் வருகின்றனர். ஹெட்போன்களிலும், இயர்பட் வைக்கும் சிறு பெட்டியிலும் காந்தங்கள் உள்ளன. வலுவான காந்தம் மார்புக்கு மிக அருகில் வந்தால் பேஸ்மேக்கர் தன் இயல்பான செயல்முறையிலிருந்து மாறக்கூடும். டிஃபிப்ரிலேட்டர் தேவையான நேரத்தில் இயங்காமல் போகக்கூடும். காந்தம் விலகியதும் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். தலையில் அணிந்திருக்கும்போது தொலைவு போதுமானது. ஆபத்து கழற்றிய பிறகுதான் தொடங்குகிறது: ஹெட்போனைக் கழுத்தில் மாலைபோல் தொங்கவிடுவது, பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது, மார்பின் மீது வைத்தபடி உறங்குவது. குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சட்டைப் பைக்குப் பதிலாக இருக்கைப் பையில் வைக்கும் பழக்கத்தைப் பராமரிப்பவர்கள் பயணத்திற்கு முன்பே ஏற்படுத்திவிடுங்கள். தலைச்சுற்றலோ படபடப்போ தோன்றினால் உடனே கருவியை விலக்கி மருத்துவ உதவி பெற வேண்டும்.

மூளையில் நீர்கோப்பு நோய்க்காக, வெளியிலிருந்து அளவை மாற்றக்கூடிய வால்வு பொருத்திய குழந்தைகளும் பெரியவர்களும் உள்ளனர். அருகில் வரும் காந்தம் சில வகை வால்வுகளின் அளவை மாற்றிவிடக்கூடும். இவர்கள் நரம்பியல் அறுவை மருத்துவரிடம் கேட்காமல் எந்த ஹெட்போனையும் அணிய வேண்டாம். காக்ளியர் இம்ப்ளாண்ட் செய்துகொண்டவர்களும் தங்கள் சிகிச்சை மையத்தில் கேட்ட பின்னரே வாங்க வேண்டும்.

காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் துளை உள்ளவர்கள், பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து இடுபவர்கள் காதுத் துளையை அடைக்கும் இயர்பட்டைத் தவிர்க்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்றும் வியர்வையும் அடைபட்ட காதில் தொற்றை வளர்க்கின்றன. குணமான பின் மருத்துவரின் ஒப்புதலோடு மேலே மூடும் வகையைப் பயன்படுத்தலாம்.

காதொலிக் கருவி அணியும் மூத்தோர் விமானத்தில் அதைக் கழற்ற வேண்டியதில்லை. காதுக்குப் பின்னால் பொருத்தும் கருவியின் மீது பெரிய ஹெட்போனை வைத்தால் விசில் போன்ற ஓசை எழலாம். குவளை ஆழமாகவும் அகலமாகவும் இருந்தால் அது குறையும். காதொலிக் கருவியையும் கொண்டுசென்று, இரண்டையும் அணிந்து பார்த்த பின்னரே பணம் செலுத்துங்கள். பல புதிய காதொலிக் கருவிகள் ப்ளூடூத் வழியே நேரடியாக ஒலியைப் பெறக்கூடியவை. அப்படியிருந்தால் தனி ஹெட்போனே தேவைப்படாது.

காதிரைச்சல் உள்ளவர்களுக்கு முழு அமைதி சில நேரங்களில் துன்பத்தைக் கூட்டும், ஏனெனில் வெளியோசை மறைந்ததும் உள்ளோசை பெரிதாகத் தெரியும். மெல்லிய மழையோசையோ இசையோ குறைந்த அளவில் ஒலிக்கட்டும். வேறு சிலர், இரைச்சல் நீக்கத்தை இயக்கியதும் காது அடைத்தாற்போலவும் தலை சுற்றுவது போலவும் உணர்கின்றனர். காதில் காற்றழுத்தம் உண்மையில் மாறுவதில்லை. ஆயினும் அந்த உணர்வு மெய்யானது. இவர்கள் அளவைக் குறைக்கும் வசதியுள்ள கருவியை நாடலாம், அல்லது இது தமக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ரயில் நிலையக் கூச்சல் தாங்க முடியாததாக இருக்கும். அவர்களை அலைக்கழிப்பது பெரும்பாலும் திடீர் ஓசைகளே என்பதால், மின்சுற்று இல்லாத சாதாரண காதுமூடி பல நேரங்களில் விலையுயர்ந்த கருவியைவிட நன்றாக உதவும். எனினும் நாள் முழுவதும் அணிவித்தால் சிறிய ஓசைகளும் பொறுக்க முடியாதவையாகிவிடக்கூடும். கூட்டத்தில் அணிவித்து, அமைதியான இடத்தில் கழற்றுங்கள். குழந்தைகளுக்கென விற்கும் ஹெட்போன்களில் "85 டெசிபலுக்கு மேல் போகாது" என்று எழுதியிருந்தாலும், மேலே கூறிய 75 டெசிபல் வரம்பை நினைவில் கொள்ளுங்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

ரிச்சி தெருவிலோ தி.நகரிலோ கடைக்குச் சென்றால், அட்டைப்பெட்டியில் ஏஎன்சி என்று உள்ளதா, இஎன்சி என்று உள்ளதா என்று முதலில் பாருங்கள். இஎன்சி என்பது நீங்கள் தொலைபேசியில் பேசும்போது மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சல் கேட்காமல் செய்வது. உங்கள் காதுக்கு அதனால் அமைதி கிடைக்காது. ஓர் எழுத்து வேறுபாட்டில் பலர் தவறான பொருளை வாங்கிவிடுகின்றனர். "45 டெசிபல் வரை" போன்ற எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். "வரை" என்ற சொல், ஏதோ ஒரு சுருதியில் கிடைத்த உச்ச அளவைக் குறிக்கிறது.

பாட்டு எதையும் ஒலிக்கவிடாமல் ஹெட்போனை அணிந்து, ஏசிக்கு அருகில் நின்று, இரைச்சல் நீக்கத்தை இயக்கியும் நிறுத்தியும் பாருங்கள். ஏசியின் ரீங்காரம் தெளிவாக விழ வேண்டும். விற்பனையாளர் பேச்சு சற்று மங்கிக் கேட்டால் அது குறையன்று. மூக்குக்கண்ணாடியின் காம்பும் பெரிய தோடும் உறையில் இடைவெளி உண்டாக்கி இரைச்சலை உள்ளே விடும். எனவே வழக்கமாக அணிபவற்றோடே சோதிக்க வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் குறைந்தது பத்து நிமிடம் அணிந்திருந்து எடையை உணருங்கள். மூத்தோருக்கு, தொட்டுத் தடவி இயக்கும் பரப்பைவிட அழுத்தும் பொத்தான் எளிது. வெளியோசையை உள்ளே விடும் வசதியும் இருக்கட்டும்.

கம்பியில்லா ஹெட்போன்களுக்கு இந்தியத் தர அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. கருவியிலோ பெட்டியிலோ உள்ள பதிவு எண்ணை அவ்வமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். நடைபாதையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் போலிகளில் மின்கலத்தின் தரத்துக்கு உறுதியில்லை. தலையை ஒட்டி அணியும் பொருளில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

சாலையிலும் தண்டவாளத்திலும் கழற்றிவிடுங்கள்

இதனை வேண்டுகோளாக அல்லாமல் மருத்துவ அறிவுரையாகவே எழுதுகிறேன். மின்சார ரயில் நெருங்கி வருவதை நமக்கு முதலில் உணர்த்துவது சக்கரங்களின் தாழ்ந்த முழக்கம். இரைச்சல் நீக்கும் கருவி எல்லாவற்றையும்விடச் சிறப்பாக அழிப்பதும் அதே முழக்கத்தைத்தான். சாதாரண இயர்போன் அணிந்தவரைக் காட்டிலும் இவர் அதிக ஆபத்தில் உள்ளார். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை சற்றுச் சுற்றுவழியாகத் தோன்றலாம். அவசரப் பிரிவில் பணியாற்றிய எவரும் அந்தச் சுற்றுவழியைக் குறைகூற மாட்டார்கள்.

இருசக்கர வாகனம் ஓட்டும்போதும், லஸ் சந்திப்பு போன்ற இடங்களில் சாலையைக் கடக்கும்போதும் கருவி பையில் இருக்கட்டும். வெளியோசையை உள்ளே விடும் வசதி, அருகில் நிற்பவரோடு பேசப் போதுமானது. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அது இயற்கையான காதைப்போல் துல்லியமாகக் காட்டாது. எனவே அதை நம்பிச் சாலையில் இறங்க வேண்டாம்.

பயணத்திற்குப் பின்

வாரம் ஒருமுறை ரப்பர் முனைகளைக் கழற்றி மென்மையான சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்துங்கள். பஞ்சுறையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஒருவருடைய இயர்பட்டை மற்றவர் பயன்படுத்த வேண்டாம். காதைக் குடைய வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கருவி காதுக் குறும்பியை உள்ளே தள்ளியிருந்தால் பஞ்சுக்குச்சி அதை இன்னும் உள்ளே தள்ளும்.

பயணம் முடிந்த பின் காதில் ரீங்காரமோ, பஞ்சடைத்தாற்போன்ற மந்தமோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் செவித்திறன் பரிசோதனை தேவை. ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால், அதாவது சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாள்களுக்குள்ளோ கேட்கும் திறன் சரிந்தால், அதை விமான அடைப்பு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். இது அவசரநிலை. ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ, செவித்திறன் திரும்பும் வாய்ப்பு அவ்வளவு கூடும். இரண்டு வாரங்கள் கடந்தபின் வருபவர்களுக்கு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அன்றோ மறுநாளோ இராயப்பேட்டை அரசு மருத்துவமனை, இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்களில் உள்ள காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். எங்கு செல்வது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.